முடியாது என்று சொல்ல மூன்று பேர்

தென்காசியில் அந்தக் காலத்தில் பேசி முடித்த கல்யாணம் நின்றிருக்கிறது, ஓடிக்கொண்டிருந்த பஸ் நின்றிருக்கிறது, ஒரு வருஷம் சாரலே வராமல் ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஆனால் 'அதுக்கென்ன' அண்ணாச்சியிடம் ஒரு காரியம் கேட்டுப் போய் 'இல்லை' என்ற பதிலோடு திரும்பிய மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அது புழங்கியதில்லை. யார் என்ன கேட்டாலும் "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்பார். கேட்பவர் வாக்கியத்தை முடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பாதியிலேயே அவருடைய தலை மேலும் கீழும் ஆடத் தொடங்கிவிடும். நெட்டையான, ஒல்லியான மனிதர். அந்தத் தலை ஆடுவதைத் தெருமுனையிலிருந்தே பார்க்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, பாபநாசம் வரைக்கும் போயிட்டு நாளைக்கு வந்திருதேன், மாட்டை மட்டும் பாத்துக்கிடுதியளா?" என்று கேட்டார். அதுக்கென்ன. போனவர் வந்தபோது சித்திரை போய் ஆவணி பிறந்திருந்தது. மாடு கன்று போட்டிருந்தது. பிரசவம் பார்த்ததே அண்ணாச்சிதான். கன்றுக்குப் பெயர் வைத்து, கழுத்தில் மணி கட்டி, தாயையும் பிள்ளையையும் ஒப்படைத்தார். "ஏன் அண்ணாச்சி, ஒரு வார்த்தை கோவமா கேக்கக்கூடாதா?" என்றால், "அவன் என்னம்மா செய்வான், பாபநாசத்துல காத்து நல்லா இருந்திருக்கும்" என்பார்.

இன்னொரு முறை தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் கால்பந்துப் போட்டி. இரண்டு அணியிலும் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். இரண்டு அணிக்காரர்களும் இவரிடம் வந்து கேட்டார்கள். முதல் பாதி தென்காசிக்கு நின்றார், இரண்டாம் பாதி செங்கோட்டைக்கு நின்றார். இரண்டு பாதியிலும் பந்து மழையாக உள்ளே விழுந்தது. "என்ன அண்ணாச்சி, ஒரு பந்தையாவது தடுக்கக்கூடாதா?" என்று கத்தினார்கள். "அந்தப் பையன் எம்புட்டு ஆசையா அடிக்கான் பாத்தியளா!" என்றார்.

இப்படிப்பட்டவரைப் பிடித்து, குற்றாலத்து அருவிகளின் பாதுகாப்பு வாரியத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். ஏன் ஆக்கினார்கள் என்று கேட்காதீர்கள். வேறு யாரைக் கேட்டாலும் மாட்டேன் என்றிருப்பார்கள். இவரைக் கேட்டார்கள்.

நான் அந்த வாரியத்தில் டைப்பிஸ்ட். ஐம்பதுகளின் பிற்பாதி. டைப்பிங்கில் ஹையர் கிரேடு முடித்த கையோடு வேலை கிடைத்தது. தென்காசியில், பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரம் ஜன்னல் வழியாகத் தெரிகிற ஒரு மாடியில் அலுவலகம். அண்ணாச்சி, நான், ஒரு டைப்ரைட்டர். வாரியத்தின் வேலை என்னவென்றால், அருவியில் தண்ணீர் ஏறினால் குளிப்பதை நிறுத்துவது, பாறையில் பாசி சுரண்ட வைப்பது, கம்பிவேலி ஆடாமல் பார்ப்பது. நிறுத்து, திற என்று சொல்கிற அதிகாரம் மூன்று டைரக்டர்களுக்குத்தான். செயலாளருக்குக் கிடையாது.

நான் சேர்வதற்கு முந்தைய சீசனில் இருந்த டைரக்டர்கள் மூன்று பேரும் பெரிய மனிதர்கள். அதில் முக்கியமானவர் குற்றாலத்தில் மேட்டுமேல் லாட்ஜ் கட்டியிருந்த முதலாளி. அருவியை மூடினால் லாட்ஜ் காலி. ஆகவே அவர் டைரக்டராக இருந்தவரை அருவி மூடியதாகச் சரித்திரம் இல்லை. ஒரு நாள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு புது மாப்பிள்ளையை அருவி அடித்துக்கொண்டு போய்விட்டது. நல்ல வேளையாகக் கீழே பாலத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோள்பட்டை எலும்பு விலகியதோடு உயிர் பிழைத்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டு மட்டும் மறுநாள் மேலகரம் பக்கம் ஆற்றில் மிதந்ததாகச் சொன்னார்கள்.

மேலிடத்தில் கோபம் வந்தது. பழைய வாரியம் கலைக்கப்பட்டது. சாரல் காலத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமையைக் குறித்து, அதற்குள் புதிதாக மூன்று டைரக்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பெயர் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இந்த சீசன் முழுக்க அருவியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதாவது லாட்ஜ்காரர், எண்ணெய் தேய்ப்பவர், பழக்கடைக்காரர், குதிரை வண்டிக்காரர் அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு அணைந்த மாதிரி. அந்தப் பொறுப்பு முழுவதும் நம் அண்ணாச்சியின் ஆடும் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

விஷயம் பரவியதும் மாடிப்படியில் கூட்டம் நெருக்கியது. புளியங்குடியிலிருந்து ஓர் எலுமிச்சைக் கமிஷன் மண்டிக்காரர் ஒரு கூடைப் பழத்தோடு வந்தார். "நமக்கு ஒரு சேர் போட்டுருங்க அண்ணாச்சி." அதுக்கென்ன. ரிட்டயர்டான தாசில்தார் வந்தார். அதுக்கென்ன. லாட்ஜ் முதலாளி வந்தார், தன் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு. அதுக்கென்ன, அதுக்கென்ன. மூன்று நாற்காலிக்கு ஒரு பஸ் நிறைய டைரக்டர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில் 'டைரக்டர்கள் தேர்வு நடைபெறுகிறது' என்று கீழே எழுதி வைத்திருந்த பலகையைப் பார்த்துவிட்டு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு நாடகக்காரர் ஆர்மோனியத்தோடு மாடியேறி வந்துவிட்டார்.

"படம் புராணமா, சமூகமா அண்ணாச்சி?"

"பாதுகாப்பு."

"அது புதுசால்லா இருக்கு! சண்டைக் காட்சி உண்டுமா?"

"தண்ணியில உண்டு."

"அப்ப நான்தான் டைரக்டர்!"

"அதுக்கென்ன."

எனக்குத் தலை சுற்றியது. "அண்ணாச்சி, எத்தன பேருக்குத்தான் வாக்குக் குடுப்பிய? எல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா என்ன செய்வோம்?" என்று கேட்டேன்.

வந்து நிற்கத்தான் செய்தார்கள். அண்ணாச்சியே எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார். வந்தவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, மிகுந்த சந்தோஷத்தோடு வேலையை விளக்கினார். "எல்லாரும் டைரக்டர்தான். சாரல் காலம் பூரா விடியக்காலம் அருவிக்கரையில குடையப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். குடை காத்துல போயிரும், அதனால நனைஞ்சிக்கிட்டு நிக்கணும். சம்பளம் கெடையாது. உங்க சம்பந்தக்காரங்க மெட்ராஸ்ல இருந்து வருவாங்க, தண்ணி கூடின நேரமாப் பாத்து. அவங்களத் திருப்பி அனுப்பணும். யாராவது விழுந்தா நீங்கதான் போயிப் பதில் சொல்லணும். வேற ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல."

காப்பி டம்ளர்கள் மேஜையில் இருந்தன. டைரக்டர்கள் இல்லை. ஒருவருக்கு மூட்டுவலி ஞாபகம் வந்தது, இன்னொருவருக்கு மகள் பிரசவம். நாடகக்காரர் ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, மழையில பெட்டி நனைஞ்சா கட்டை ஊதிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி யாரையும் மறுக்கவில்லை. அவர்களாகப் போனார்கள். இந்த மனிதர் வெகுளியா, பெரிய தந்திரக்காரரா என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்தது. இன்றுவரை தீரவில்லை.

ஒருவர் மட்டும் போகவில்லை. லாட்ஜ் முதலாளி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னவே, நானும் மைத்துனனும் இருக்கோம். மூணாவதா நம்ம காண்ட்ராக்டரப் போட்டுரும். திங்கக்கிழமைக்குள்ள பேரு போயிரணும்லா?" என்றார்.

"அதுக்கென்ன" என்றார் அண்ணாச்சி. ஆனால் குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

முதலாளி படியிறங்கிப் போன பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அண்ணாச்சி பேசினார். "எம்மா, அந்த மாப்பிள்ளய தண்ணி இழுத்த அன்னைக்கு நான் அங்கனதான் நின்னேன். டைரக்டருக யாரும் வரல, அப்ப வெறும் கிளார்க்கா இருந்த என்னை அனுப்பி வச்சிருந்தாவ. அந்தப் பையன் சிரிச்சிக்கிட்டே வந்து கேட்டான், 'அண்ணாச்சி, தண்ணி கொஞ்சம் கூடுத மாதிரி இருக்கு, இன்னும் ஒரு தடவை போயி நின்னுட்டு வந்திரட்டுமா'ன்னு. நான் என்ன சொல்லியிருப்பேன்?"

நான் டைப்ரைட்டர் மேல் உறையைப் போட்டு மூடினேன்.

"அந்தப் பிள்ள, அவன் பொண்டாட்டி, கத்துன கத்து இருக்கே..." என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்த ஒரு சொல்லு வரல. அம்பது வயசுக்கு மேல இனிமே வராது. அது வருத ஆளா மூணு பேரப் பிடிக்கணும்மா. ஊர்லயே பெரிய இல்லைக்காரன் எவனோ அவன்தான் நமக்கு டைரக்டர்" என்றார்.

மறுநாளிலிருந்து எங்கள் தேடல் ஆரம்பமானது. அண்ணாச்சியின் திட்டம் எளிமையானது. ஊருக்குள் போய் நியாயமில்லாத உதவி கேட்பது. யார் முடியாது என்று சொல்கிறாரோ அவரைப் பிடித்துக்கொள்வது.

அது முதல் நாளே கவிழ்ந்தது. ஜவுளிக்கடையில் போய், "ஒரு வேட்டி சும்மா வேணுமே" என்றார். கடைக்காரர் எழுந்து நின்று ஒரு ஜோடியாக எடுத்துக் கொடுத்தார். ஜட்கா வண்டிக்காரரிடம், "வண்டிய ஒரு வாரம் வச்சிக்கிடட்டுமா?" என்றார். "குதிரைக்குப் புல்லும் போட்டுருதேன் அண்ணாச்சி" என்றார் அவர். ஒரு வீட்டில் போய், கொல்லையில் பழுத்து நின்ற பலாவை மரத்தோடு கேட்டார். மரத்தை எப்படி எடுத்துப் போவது என்று யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் யாரையும் மறுக்காத மனிதரை மறுக்க ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாங்கிய வேட்டியையும் வண்டியையும் திருப்பிக் கொடுக்கவே எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

"எம்மா, நான் கேட்டா எல்லாப் பயலும் குடுத்துருதான். நீ கேளு" என்றார்.

என்னை மறுப்பதில் ஊருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஆனால் அண்ணாச்சிக்குச் சாதாரண மறுப்பு போதவில்லை. "இவன் உன்னைய மறுக்கான், பெரிய மனுசன் கேட்டாக் குடுத்துருவான். இது வேண்டாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

முதல் ஆள் கிடைத்தது குற்றாலம் பஸ்ஸில். உள்ளே நெல்மூட்டை அடுக்கிய மாதிரிக் கூட்டம். படியில் ஒருவர் தொங்கிக்கொண்டு வந்தார். மேலகரம் தாண்டி வயக்காட்டு நடுவில் கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார்.

"எறங்குங்க. படியில நிக்கக்கூடாது."

"ஏலே, நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். பஸ் முதலாளிக்குத் தம்பி. முதலாளி தம்பிக்கும் காலு ரெண்டுதான். எறங்குங்க."

"நாளைக்கு உனக்கு வேலை இருக்காது பாத்துக்க!"

"நாளைக்கு இருக்காது, இன்னைக்கு இருக்குலா? எறங்குங்க."

தம்பி இறங்கினார். பஸ் போனது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சியின் கண்ணில் தண்ணீர். "என்னா அழகாச் சொல்லுதான் பாத்தியா!" என்றார், கச்சேரி கேட்டவர் மாதிரி. விசாரித்ததில், அந்தக் கண்டக்டர் தன் கல்யாணம் முடிந்த மறுநாளே மாமனாரையும் இதே படியிலிருந்து இறக்கிவிட்டவர் என்று தெரிந்தது.

இரண்டாவது ஆள் ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸ். செங்கோட்டைப் பக்கத்து அம்மாள். பேச்சில் பாதி மலையாளம் கலந்து வரும். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு நான் கையில் கஞ்சித் தூக்கோடு போய் நின்றேன்.

"சிஸ்டர், எங்க சித்தப்பாவ ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்திருதேன்."

"சமயம் கழிஞ்சு. நாளைக்கு வா."

"ஒரே நிமிஷம் சிஸ்டர்."

"எல்லாரும் ஒரே நிமிஷந்தான் சொல்லும். உள்ள கிடக்குறவனுக்கு ஒறக்கம் யாரு கொடுக்கும்? வேண்டா. போ."

பிறகு அண்ணாச்சியே போய், கை கூப்பி, குரல் தழுதழுக்கக் கேட்டார். அவர் யாரென்று தெரியாத ஊர்க்காரர் அந்த அம்மாள் ஒருவர்தான். கதவை அவர் மூக்குக்கு நேராகச் சாத்தினார். அண்ணாச்சி மூக்கைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார். "எம்மா, அம்பது வருசத்துல என்னைய முடியாதுன்னு சொன்ன மொத ஆளு! எம்புட்டு நல்ல கதவு!"

மூன்றாவது ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. 'தள்ளுபடி' ஜட்ஜ் என்றால் தென்காசியில் தெரியாதவர் கிடையாது. பதவியில் இருந்தபோது யார் மனுப் போட்டாலும் தள்ளுபடி. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. நாங்கள் போனபோது அவர் வீட்டு அம்மா உள்ளிருந்து, "இன்னொரு இட்லி வைக்கட்டுமா?" என்று கேட்டார். "போதிய காரணம் இல்லை. தள்ளுபடி" என்றார். அந்த அம்மா எங்களிடம் வந்து, "கல்யாணமான புதுசுல ஒரு மூக்குத்தி கேட்டேன். இன்னும் வாய்தா போட்டுக்கிட்டே இருக்காவ" என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்று ரத்தினங்களும் கிடைத்தாயிற்று. அண்ணாச்சி துள்ளிக் குதிக்காத குறையாக ஒவ்வொருவரிடமும் போய், வாரியத்தில் டைரக்டராக வர வேண்டும் என்று கேட்டார்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார்: "லீவு கெடையாது. முடியாது அண்ணாச்சி."

சிஸ்டர் சொன்னார்: "எனிக்கு வார்டு உண்டு. வேண்டா."

ஜட்ஜ் என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டியதில்லை.

ஊரிலேயே நன்றாக 'இல்லை' சொல்லத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தால், அவர்கள் முதலில் எங்களுக்குத்தான் அதைச் சொன்னார்கள். நான் நொந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி முகம் மட்டும் விளக்கேற்றின மாதிரி இருந்தது. "பாத்தியாம்மா! பதவி குடுக்கேன்னா எவன் வேண்டாம்பான்? சரியான ஆளுகதான்!"

"ஆளு சரிதான் அண்ணாச்சி. ஆனா வரமாட்டோம்னுட்டாங்களே! திங்கக்கிழமை முதலாளி பேருதான் போகப்போகுது."

"பாப்போம்" என்றார். அவர் வாயில் 'அதுக்கென்ன' வராமல் போனதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையில் சாரல் பிடித்தது. காலையிலிருந்தே காற்றில் ஈரம். டைரக்டர்கள் யாரும் இல்லாததால், உத்தரவுப்படி திங்கட்கிழமை வரை ஒரு தற்காலிக ஏற்பாடு. அருவிக்குப் போகிற வழியை மறிக்கும் சங்கிலிப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நிற்பார், செயலாளர் சொன்னதை அவர் கேட்பார். அண்ணாச்சி என்னையும் பேரருவிக்கு வரச் சொல்லியிருந்தார். என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே போய்ப் பார்த்தால், எங்கள் மூன்று ரத்தினங்களும் அங்கேயே இருந்தார்கள். உலகத்தில் எதை வேண்டுமானாலும் வேண்டாம் என்பவர்கள் அருவியை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. ஜட்ஜ் கோவணத்தோடு பாறையில் குந்தியிருக்க, ஒருவர் அவர் முதுகில் டமடமவென்று எண்ணெய் தட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் தன் வயதான அம்மாவைப் பெண்கள் பக்கம் நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில், விசில் கழுத்தில் தொங்க, ஓரமாகத் தலையை நனைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் லாட்ஜ் முதலாளி வந்தார். பின்னால் மதுரையிலிருந்து வந்த கல்யாணக் கூட்டம், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக. அதே நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறத் தொடங்கியது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது, மெல்ல மெல்லக் காப்பி நிறத்துக்கு வந்தது. சத்தமும் கொஞ்சம் கனத்தது. போலீஸ்காரர் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

முதலாளியும் பார்த்தார். "என்னவே, தண்ணி லேசாக் கலங்கியிருக்கு, அவ்வளவுதான். தூரத்துல இருந்து வந்திருக்காவ. ஒரு தடவை நின்னுட்டு வந்துருவாவ. விடச் சொல்லும்."

அண்ணாச்சியின் தலை ஆடத் தொடங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டென்று இரண்டு கையாலும் தன் தாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பல்வலிக்காரர் மாதிரி. கழுத்து நரம்பு புடைத்தது. தலை ஆடவில்லை. வாய் திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. முகமெல்லாம் வேர்த்தது அந்தச் சாரலிலும் தெரிந்தது. அப்படியே தாடையைப் பிடித்தபடி, ஓரத்தில் நின்ற கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. நீச்சல் தெரியாதவன் கரையில் நிற்பவனைப் பார்க்கிற பார்வை.

கண்டக்டர் தண்ணீரை நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அடுத்த விநாடி விசில் காதைக் கிழித்தது.

"எறங்கு! எறங்கு! அத்தனை பேரும் வெளிய! உள்ள எடமில்ல!"

அருவியில் என்ன இடம் இல்லாமல் போகும்? ஆனால் அந்தக் குரலுக்குப் பஸ் ஏறிப் பழகிய ஜனம் அப்படியே கட்டுப்பட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பெண்கள் பக்கத்தில் சிஸ்டர் ஏற்கனவே இரண்டு பிள்ளைகளை இடுப்பில் தூக்கியிருந்தார். "வெளியிலே போ! குட்டியெ எடு! சோப்பு பின்னெ தேடலாம், போ!" நின்றவர்களை முதுகில் கை வைத்துத் தள்ளினார். என் அம்மாவும் தள்ளப்பட்டவர்களில் ஒருத்தி.

முதலாளிக்கு மானம் போன மாதிரி இருந்தது. கல்யாணக் கூட்டத்துக்குக் கையைக் காட்டி, "நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். அப்போது பாறையிலிருந்து ஓர் உருவம் எழுந்து வந்து சங்கிலிக்குக் குறுக்கே நின்றது. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய், இடுப்பில் கோவணம், ஆனால் கையைத் தூக்கிய விதத்தில் கறுப்புக் கோட்டு தெரிந்தது.

"அனுமதி இல்லை."

"ஜட்ஜய்யா, ஒரே ஒரு நிமிசம்..."

"தள்ளுபடி!"

கூட்டம் பின்வாங்கியது. கடைசியாக ஒரு கிழவரைக் கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து படியில் ஏற்றினார். அந்தச் சமயம் மேலே ஒரு சத்தம் கேட்டது. லாரியில் கருங்கல் கொட்டுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தோம். செக்கச்செவேல் என்று தண்ணீர் ஒரு சுவர் மாதிரி வந்தது. நடுவில் ஒரு பெரிய மரம், வேரோடு. சற்று முன்னால் அத்தனை பேரும் நின்ற இடத்தில் அது விழுந்து, இரும்புக் கம்பியை நாணலைப் போல வளைத்துவிட்டுப் போனது.

கல்யாணக் கூட்டத்தில் ஒரு பெண் தன் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். முதலாளி அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி இன்னும் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை. நான்தான் போய், "போதும் அண்ணாச்சி, விடுங்க" என்று எடுத்துவிட்டேன்.

பிறகு டீக்கடைக்குள் ஒதுங்கினோம். ஜட்ஜுக்கு யாரோ ஒரு துண்டு போர்த்திவிட்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் சூடான டீ. அண்ணாச்சி மூவரையும் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டார்.

கண்டக்டர்தான் பேச்சை ஆரம்பித்தார். "அண்ணாச்சி, நாங்க இன்னைக்கு இங்கன இருந்தோம். தினமும் இத்தன சனத்தையும் யாரு இறக்கிவிடுவா?"

"புது டைரக்டருக வருதாங்கல்லா" என்றார் அண்ணாச்சி, டீயை ஊதிக்கொண்டு.

"யாரு?"

"லாட்ஜ் முதலாளி, அவரு மைத்துனரு, அவரு காண்ட்ராக்டரு. நாளைக்குப் பேரு போகுது."

"முடியாது!" என்றார் கண்டக்டர்.

"வேண்டா!" என்றார் சிஸ்டர்.

"தள்ளுபடி!" என்றார் ஜட்ஜ்.

மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. டீக்கடைக்காரர் வடைத்தட்டைக் கீழே போட்டார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "எம்மா, தீர்மானம் ஏகமனதா நிறைவேறிட்டு. நாளைக்குக் காலையில இந்த மூணு பேரையும் டைரக்டராப் போட்டு டைப் அடிச்சிரு" என்றார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் மறுப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஜட்ஜ் மட்டும், "செயலாளர் நம்மைத் திட்டமிட்டுச் சிக்கவைத்திருப்பதாகச் சந்தேகம் எழுகிறது. ஆனால் சாட்சியம் போதாது" என்றார்.

திங்கட்கிழமை லாட்ஜ் முதலாளி வந்தார். அரைமனதாகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். "என்னவே, எனக்கு வாக்குக் குடுத்தீரே?"

"அதுக்கென்ன முதலாளி! மூணு டைரக்டரும் ஒத்துக்கிட்டா, நாலாவதா உங்களுக்கு ஒரு சேர் வேணும்னு நானே எழுதுதேன். ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க."

முதலாளி ஊரைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஒருத்தரும் மசியல. அந்த நர்ஸம்மா கதவையே திறக்கல" என்றார். செம்பைக் கீழே வைத்துத் தரையைப் பார்த்தபடி, "நேத்து அந்தக் கூட்டத்துல என் தங்கச்சி மகளும் நின்னாவே. கைப்பிள்ளையோட" என்றார். எழுந்து போய்விட்டார். அதன்பிறகு அருவி மூடினால் அவர் லாட்ஜில்தான் முதலில் மணி அடிக்கும். அந்த மணியை அவரே வாங்கி மாட்டினார்.

அண்ணாச்சிக்கு அது மறுபிறவி. அந்த டைரக்டர்களை வைத்துக்கொண்டு அவர் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. மச்சினன் வந்து சைக்கிள் இரவல் கேட்டால், "அதுக்கென்ன மாப்ளே, டைரக்டருகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்பார். பாபநாசம் போகிற பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி மாட்டோடு வந்தபோது அது வாரியக் கூட்டத்துக்கே போனது. 'பசு பராமரிப்பு வாரியத்தின் வரம்புக்குள் வராது' என்று ஜட்ஜ் சொல்ல, நான் டைப் அடித்தேன். மாடு பாபநாசத்துக்கே போனது.

கூட்டம் நடக்கும்போது மூன்று பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் மறுத்துக்கொண்டு உச்சக் குரலில் சண்டை போடுவார்கள். அண்ணாச்சி நடுவில் உட்கார்ந்து மூன்று பேருக்கும் தலையாட்டுவார். நானிருந்த வரைக்கும் எந்த சீசனிலும் ஓர் ஆளைக்கூட அருவி தொடவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு மாற்றலானது. கிளம்புகிற அன்று தூறலில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். ஓலைக் கொட்டானில் மங்குஸ்தான் பழம் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "சாறு சேலையில பட்டாப் போகாதும்மா, பாத்து உரி" என்றார். பஸ் நகர்ந்தபோது மற்றவர்கள் மழைக்கு ஒதுங்கிவிட்டார்கள். அவர் மட்டும் நனைந்துகொண்டு நின்றார்.

அதன்பிறகு எத்தனையோ ஊரில், எத்தனையோ அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டேன். நல்ல மேலதிகாரிகள் கிடைத்தார்கள், நல்ல நாற்காலிகள் கிடைத்தன. ஆனால் காலையில் எழுந்ததும் எப்போது அங்கே போய்ச் சேருவோம் என்று இருந்தது, அந்தத் தென்காசி மாடிக்கு மட்டும்தான்.